3.8.2-ல் அந்த ஃபிக்ஸ் இருக்கிறதா?

"அக்கா, கஸ்டமர்கிட்ட 3.8.2 ஓடுது. அந்த டைம்ஸோன் ஃபிக்ஸ் அதுல இருக்கா இல்லையா? லைன்ல இருக்காங்க, உடனே சொல்லுங்க."

ஒரு மாதக் கடைசியில் சப்போர்ட் குழுவில் இருந்த தம்பி இப்படிக் கேட்டான். 3.8.2 என்பது ஊழியர்களின் வருகையைப் பதியும் எங்கள் மென்பொருளின் ஒரு வெர்ஷன், டைம்ஸோன் ஃபிக்ஸ் என்பது அதில் நேர மண்டலக் கணக்கில் இருந்த தவறுக்கான திருத்தம். எங்கள் குறியீடு இருக்கும் தளமான கிட்ஹப்பில், அந்தத் திருத்தத்தைச் சேர்க்கக் கோரிய புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து, அது எந்தத் தேதியில் மெர்ஜ் ஆனது, அதாவது குறியீட்டோடு சேர்ந்தது, என்று பார்த்தேன். பிறகு ரிலீஸ் பக்கத்துக்குப் போய் 3.8.2 எப்போது வந்தது என்று பார்த்தேன். மெர்ஜ் ஆகி ஒன்பது நாள் கழித்துத்தான் ரிலீஸ். "இருக்குப்பா, சொல்லிடு" என்றேன்.

இல்லை. 3.8.2 மெயின் பிராஞ்சிலிருந்து, அதாவது குறியீட்டின் முதன்மைக் கிளையிலிருந்து, எடுக்கப்பட்டதே கிடையாது. பழைய 3.8 ரிலீஸ் பிராஞ்சில் ஓர் அவசரப் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் சேர்த்து வெளியிட்டிருந்தார்கள். டைம்ஸோன் ஃபிக்ஸ் மெயினில் மட்டுமே இருந்தது. விளைவாக அந்தக் கஸ்டமரிடம் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களின் வருகை மறுபடியும் ஒரு நாள் தள்ளிப் பதிவானது. சரியாகிவிட்டது என்று நாங்களே சொன்னதால் அவர்களும் சரிபார்க்காமல் சம்பளப் பட்டியலை அனுப்பிவிட்டார்கள். சம்பளம் குறைந்துபோனவர்கள் செக்யூரிட்டி வேலையிலும் துப்புரவு வேலையிலும் இருந்தவர்கள். அடுத்த வாரமே மீதிப் பணம் போய்ச் சேர்ந்தது என்றாலும், மாதக் கடைசியில் ஒரு வாரம் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை நான் சும்மா தேதியை வைத்துச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு, எங்களிடம் இருக்கும் 11 ரெப்போக்களில் (குறியீட்டுக் களஞ்சியங்களில்) இதுவரை வந்த ஒவ்வொரு ரிலீஸும் எந்தக் கமிட்டிலிருந்து (குறியீட்டில் பதிவான எந்த மாற்றத்திலிருந்து) உருவானது என்று ஒரு அட்டவணை தயாரிக்க நானே முன்வந்தேன். நம் ஸ்கிரிப்ட் தகவல் கேட்டு வாங்குவதற்கான வழியாக கிட்ஹப்பின் ஏபிஐ இருக்கிறது, ரிலீஸ் பட்டியலைக் கேட்டால் கொடுக்கும், அதில் கமிட்டும் இருக்கும், ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே வேலையை வேறு யாராவது தொடங்கும்போது உதவட்டும் என்று.

முதல் குழி: ரிலீஸ் ஏபிஐ தரும் ஜேசன் வடிவப் பதிலில் 'டார்கெட் கமிட்டிஷ்' என்று ஒரு ஃபீல்டு இருக்கும். பெயரைப் பார்த்தால் இதுதான் நாம் தேடும் கமிட் என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் முதல் ஸ்கிரிப்ட் அந்த ஃபீல்டை எடுத்து, அதில் இருப்பது ஹாஷ் (கமிட்டின் 40 எழுத்து அடையாளம்) என்றால் அப்படியே எழுதியது, பிராஞ்ச் பெயர் என்றால் அந்தப் பிராஞ்சின் கமிட்டைக் கேட்டு எழுதியது. அட்டவணையைப் பார்த்த சக ஊழியர் ஒருவர், "இரண்டு வருஷம் முன்னால வந்த ரிலீஸும் போன வாரம் வந்த ரிலீஸும் ஒரே ஹாஷ் எப்படி?" என்று கேட்டார். ஒரே ரெப்போவின் பல வரிகளில் ஒரே ஹாஷ் இருந்தது. அது மெயின் பிராஞ்சின் அன்றைய நுனி, அதாவது கடைசிக் கமிட்.

அந்த ஃபீல்டு சொல்வது வேறு. ரிலீஸை உருவாக்கும்போது நாம் கொடுக்கும் பெயரில் டேக் (ஒரு கமிட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) இன்னும் இல்லையென்றால், எங்கிருந்து புது டேக்கை உருவாக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. டேக் ஏற்கெனவே இருந்தால் கிட்ஹப் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. யாரும் எதுவும் கொடுக்காவிட்டால் ரெப்போவின் டிஃபால்ட் பிராஞ்ச் பெயர் அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அந்த ஃபீல்டை மறந்துவிடுங்கள். ரிலீஸிலிருந்து எடுக்க வேண்டியது டேக் பெயரை மட்டும்தான், அந்த டேக் வழியாகத்தான் கமிட்டுக்குப் போக வேண்டும்.

சரி, டேக் வழியாகப் போனேன். ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்று சொல்லும் ரெஃபரன்ஸ் ஏபிஐயிடம் டேக் பெயரைக் கொடுத்தால் 40 எழுத்து ஹாஷ் ஒன்று வருகிறது. அதை எடுத்துக்கொண்டு கமிட் விவரம் கேட்டால் சில ரிலீஸ்களுக்கு வந்தது, சிலவற்றுக்கு அப்படி ஒரு கமிட்டே இல்லை என்று வந்தது. எது வரும், எது வராது என்பதில் ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. அரை நாள் டோக்கனின், அதாவது ஏபிஐயை அழைக்கும் அனுமதிச் சாவியின், உரிமைகளைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, வராதவை எல்லாம் எங்கள் பழைய ரிலீஸ் மேனேஜர் தன் கையால் டேக் போட்டவை.

கிட்ஹப்புக்கு அடிப்படையான வெர்ஷன் கட்டுப்பாட்டு மென்பொருள் கிட். அதில் இரண்டு வகை டேக் உண்டு. லைட்வெயிட் டேக் என்பது கமிட்டை நேராகச் சுட்டும் வெறும் பெயர். அனோட்டேட்டட் டேக் என்பது தனியாக ஒரு பொருள்: போட்டவர் யார், எப்போது, என்ன செய்தி, கையொப்பம் உண்டா என்பதையெல்லாம் தன்னுள் வைத்திருக்கும், அதற்கென்று சொந்த ஹாஷ் உண்டு, உள்ளேதான் கமிட்டின் ஹாஷ் இருக்கும். எனக்கு வந்துகொண்டிருந்தது உறையின் ஹாஷ், கடிதத்தின் ஹாஷ் இல்லை. ரெஃபரன்ஸ் ஏபிஐ தரும் பதிலில் 'டைப்' என்று ஒரு வார்த்தை வருகிறது. அது 'கமிட்' என்றால் வேலை முடிந்தது. 'டேக்' என்றால் டேக் பொருளுக்கான ஏபிஐயை இன்னொரு முறை அழைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு டேக் இன்னொரு டேக்கைச் சுட்டுவதும் கிட்டில் அனுமதிக்கப்பட்டதுதான், அதனால் கமிட் வரும்வரை உரித்துக்கொண்டே போகிற மாதிரி எழுதுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு எளிய வழி ஒன்று இருப்பது தெரிந்தது. கமிட் விவரம் தரும் சாதாரண ஏபிஐயிடம் ஹாஷுக்குப் பதிலாக டேக் பெயரையே கொடுக்கலாம். உரிக்கும் வேலையை அதுவே செய்துவிட்டுக் கமிட்டைத் தரும். பெயருக்கு முன்னால் 'டேக்ஸ்' என்று சேர்த்து ஒரு சாய்கோடு போட்டுக் கொடுங்கள், ஏனென்றால் எங்களிடம் இருந்ததைப் போல ஒரே பெயரில் பிராஞ்சும் டேக்கும் இருந்தால் எது வரும் என்று குழப்பம் வேண்டாம். கிட்ஹப்பின் இன்னொரு வகை ஏபிஐயான கிராஃப்கியூஎல் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம், ரிலீஸுக்குள்ளேயே 'டேக் கமிட்' என்ற ஃபீல்டு இருக்கிறது, ஒரே கேள்வியில் நூறு ரிலீஸுக்கும் சேர்த்து வாங்கிவிடலாம். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதன் ரிலீஸ் ஏபிஐ கமிட்டின் முழு விவரத்தையும் பதிலோடேயே அனுப்பிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் கிட்லாப்பின் வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் என் முதல் தவறே அதில்தான். கிட்ஹப் ரிலீஸில் 'கிரியேட்டட் அட்' என்றும் 'பப்ளிஷ்டு அட்' என்றும் இரண்டு நேரங்கள் வரும். முதலாவது ரிலீஸ் உருவான நேரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது ரிலீஸ் சுட்டும் கமிட்டின் தேதி. கமிட்டுக்குள்ளேயும் இரண்டு தேதிகள்: எழுதியவர் எழுதிய தேதி ஒன்று, கமிட் செய்யப்பட்ட தேதி இன்னொன்று. ரீபேஸ் செய்தால், அதாவது கமிட்டை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி அடுக்கினால், இரண்டாவது மாறும், முதலாவது அப்படியே இருக்கும். இரண்டுமே அவரவர் கணினியின் கடிகாரம் சொன்னதுதான், சர்வர் சரிபார்ப்பதில்லை. ஒரு ஃபிக்ஸ் ஒரு ரிலீஸில் இருக்கிறதா என்ற கேள்விக்குத் தேதியை வைத்துப் பதில் சொல்லவே கூடாது. கிட்டில் முன்பின் என்பது கடிகாரத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை, எந்தக் கமிட்டுக்கு எது பெற்றோர் என்ற சங்கிலிதான் அதைத் தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் அந்தத் தம்பியின் கேள்விக்குச் சரியான பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது? ரெப்போ கையில் இருந்தால், கமிட்டைக் கொடுத்து அதை உள்ளடக்கிய டேக்குகள் எவை என்று கிட்டிடமே கேட்கலாம், 'கிட் டேக்' கட்டளையோடு 'கன்டெய்ன்ஸ்' என்ற தெரிவு. கிட்லாபில் இதற்கு நேரடி ஏபிஐ உண்டு. கிட்ஹப்பின் ரெஸ்ட் ஏபிஐயில் (நான் இதுவரை சொன்ன சாதாரண ஏபிஐ) அதற்கு இணையானது இல்லாததால், இரண்டு கமிட்டுகளை ஒப்பிடும் கம்பேர் ஏபிஐயைப் பயன்படுத்தினேன். இடதுபக்கம் ரிலீஸின் டேக், வலதுபக்கம் ஃபிக்ஸின் கமிட். பதிலில் நிலை 'பிஹைண்ட்' என்றோ 'ஐடென்டிகல்' என்றோ வந்தால், அந்தக் கமிட் ரிலீஸுக்குள் அடக்கம். 'அஹெட்' என்றோ 'டைவர்ஜ்டு' என்றோ வந்தால் இல்லை. இடதுவலதை மாற்றிக் கொடுத்தால் பதிலும் தலைகீழாகும், ஆகவே பதில் ஏற்கெனவே தெரிந்த ஒரு ஜோடியை வைத்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு வஞ்சம் உண்டு. எந்தக் கமிட்டைக் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் குழுவாக இருந்தால், டெவலப்பர் தன் பிராஞ்சில் போட்ட கமிட்டுகள் மெயினுக்கு வருவதே இல்லை, எல்லாம் சேர்ந்து புது ஹாஷோடு ஒரே கமிட்டாக வருகின்றன. டிக்கெட்டில் (புகார்ப் பதிவில்) டெவலப்பர் ஒட்டி வைத்த ஹாஷை வைத்துத் தேடினால் எந்த ரிலீஸிலும் இல்லை என்றுதான் வரும். புல் ரிக்வெஸ்ட் ஏபிஐ தரும் 'மெர்ஜ் கமிட்' ஹாஷைத்தான் எடுக்க வேண்டும். செர்ரி பிக், அதாவது ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வேறு பிராஞ்சில் சேர்ப்பது, இன்னும் கடினம். மெயினில் இருந்த ஃபிக்ஸை 3.8 பிராஞ்சுக்குப் பிக் செய்து கொண்டுவந்தால் மாற்றம் அதேதான், ஹாஷ் வேறு. கம்பேர் 'டைவர்ஜ்டு' என்று சொல்லும், ஆனால் ஃபிக்ஸ் உள்ளே இருக்கும். பிக் செய்யும்போது 'எக்ஸ்' தெரிவைச் சேர்த்தால் எந்தக் கமிட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வரி கமிட் செய்தியிலேயே பதிந்துவிடும். இதை எங்கள் குழுவில் கட்டாயமாக்கினோம். பழையவற்றுக்கு, மாற்றத்தின் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் காணும் 'பேட்ச் ஐடி' கைகொடுத்தது.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் ஏபிஐக்கள் சும்மா கேட்டால் 30 தான் தரும், அதிகபட்சம் 100, மீதிக்கு அடுத்த பக்கம் போக வேண்டும், அடுத்த பக்கத்தின் முகவரி பதிலின் 'லிங்க்' ஹெடரில் இருக்கிறது. என் முதல் அட்டவணையில் சில ரெப்போக்களுக்குச் சரியாக முப்பது ரிலீஸ் இருந்ததை நான் தற்செயல் என்று விட்டிருக்கக் கூடாது. கம்பேர் ஒரு முறைக்கு 250 கமிட் வரைதான் பட்டியலிடும். டோக்கன் இல்லாமல் அழைத்தால் மணிக்கு 60 அழைப்பு, டோக்கனோடு 5,000. முந்தைய பதிலின் 'ஈடேக்' மதிப்பை (அந்தப் பதிலுக்கான அடையாளம்) சேர்த்து அனுப்பினால், எதுவும் மாறவில்லை என்றால் 304 என்ற குறிஎண் வரும், டோக்கனோடு அழைக்கும்போது அது அந்தக் கணக்கில் சேராது. தினமும் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இது பெரிய நிம்மதி.

இவ்வளவும் சரியான பிறகு எனக்கு உண்மையிலேயே பயம் தந்த ஒன்று தெரியவந்தது. ஒரு ரெப்போவின் கமிட் ஏபிஐயிடம் ஒரு ஹாஷைக் கொடுத்து, விவரம் வந்துவிட்டால் அது அந்த ரெப்போவின் கமிட் என்று நாம் நம்பிவிடுகிறோம். கிட்ஹப்பில் ஒரு ரெப்போவும் அதன் ஃபோர்க்குகளும் (மற்றவர்கள் எடுத்துவைத்த நகல்களும்) பொருள்களைப் பொதுவாக வைத்திருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் தன் ஃபோர்க்கில் போட்ட கமிட்டும் மூல ரெப்போவின் முகவரியிலேயே திறக்கும். ஆகவே கமிட் இருப்பது மட்டும் போதாது, நம் பிராஞ்ச் ஒன்றிலிருந்து அதை எட்ட முடிகிறதா என்றும் கம்பேர் வைத்துப் பார்க்க வேண்டும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2025 மார்ச்சில் டிஜே ஆக்‌ஷன்ஸ் என்ற பெயரில் இருந்த ஒரு கிட்ஹப் ஆக்‌ஷனில் இதேதான் நடந்தது. தானியங்கி பில்டுகளில் சேர்த்துக்கொள்ளும், மாறிய கோப்புகள் எவை என்று சொல்லும் சின்னக் கருவி அது, 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்தின. உள்ளே நுழைந்தவர்கள் பழைய வெர்ஷன் டேக்குகளையெல்லாம் எந்தப் பிராஞ்சிலும் இல்லாத ஒரு தீய கமிட்டின் பக்கம் நகர்த்திவிட்டார்கள். பில்டு லாகில், அதாவது மென்பொருளைக் கட்டும் ஓட்டத்தின் பதிவில், ரகசியச் சாவிகள் கொட்டின. வெர்ஷன் எண்ணை எழுதி வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள், 40 எழுத்து ஹாஷை எழுதி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். டேக்கை யார் வேண்டுமானாலும், அனுமதி இருந்தால், எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதை நாம் அன்றாட வேலையில் மறந்தே போகிறோம். எங்கள் அட்டவணையிலேயே ஒரு ரிலீஸ் அப்படி நகர்ந்திருந்தது: சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியலில்) இருந்த எழுத்துப் பிழையைத் திருத்த, நல்லெண்ணத்தோடு, ஒருவர் டேக்கை அழித்துவிட்டுப் புது கமிட்டில் மறுபடி போட்டிருந்தார். இடையில் டவுன்லோடு செய்தவர்களிடம் இருந்தது பழைய கமிட். அன்றிலிருந்து டேக்குகளை நகர்த்தவும் அழிக்கவும் முடியாதபடி ரூல்செட் போட்டு வைத்திருக்கிறோம். அட்டவணையில் டேக் பெயர், கமிட் ஹாஷ், முதன்முதலாகப் பார்த்த நாள் மூன்றும் இருக்கும், இரவு ஓடும் ஸ்கிரிப்ட் ஏதாவது மாறியிருந்தால் எல்லோருக்கும் மெயில் அனுப்பும்.

அப்புறம் இன்னும் ஆழமான கேள்வி. டேக் எந்தக் கமிட் என்று தெரிந்துவிட்டது. வெளியே போன ஃபைல் அந்தக் கமிட்டிலிருந்துதான் பில்டு ஆனது என்று யார் சொன்னது? 2024 மார்ச் 29, புனித வெள்ளி. எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு இருப்பதை வெளியிட்டார். தீய குறியீட்டைச் சுமந்த டெஸ்ட் கோப்புகள் ரெப்போவில் இருந்தன. ஆனால் பில்டு நேரத்தில் அவற்றை இயக்கிவிடும் வரி ரெப்போவில் இல்லை, வெளியிடப்பட்ட டார்பாலுக்குள் (மூலக் கோப்புகளின் பொதிக்குள்) மட்டும் இருந்தது. ரெப்போவைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. டேக்கிலிருந்து கமிட்டுக்குப் போகும் பாதை மட்டும் போதாது, கையில் இருக்கும் ஃபைலிலிருந்து கமிட்டுக்குப் போகும் பாதையும் வேண்டும் என்று எனக்கு உறைத்தது அந்தச் சம்பவத்தைப் படித்த பிறகுதான்.

அந்தப் பாதையை ஒவ்வோர் உலகமும் ஒவ்வொரு விதமாகப் போட்டு வைத்திருக்கிறது. கோ மொழி இதில் அழகு: 1.18 முதல், பில்டு செய்த பைனரிக்குள்ளேயே கமிட் ஹாஷும் நேரமும் பதிகின்றன, கமிட் செய்யாத மாற்றங்கள் இருக்கும்போது பில்டு செய்தால் 'மாடிஃபைட்' என்றும் சேர்ந்து பதிகிறது. ரஸ்ட் மொழியின் பொதிக் கருவியான கார்கோ, பொதிக்குள் சின்ன ஜேசன் கோப்பாக ஹாஷை வைத்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம் ரெஜிஸ்ட்ரியின் ஏபிஐயைக் கேட்டால் பல பேக்கேஜ்களில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் 'கிட் ஹெட்' என்று ஒரு ஹாஷ் வரும், ஆனால் அது வெளியிட்டவரின் கணினி சொன்ன தகவல், யாரும் சரிபார்த்தது இல்லை, சில வெர்ஷன்களில் இருக்காது. 2023-ல் என்பிஎம் கொண்டுவந்த பிராவனன்ஸ் வேறு தரம், எந்த ரெப்போவின் எந்தக் கமிட்டில் பில்டு ஓடியது என்பது கையொப்பத்தோடு வருகிறது. பைத்தான் பேக்கேஜ் களஞ்சியத்திலும் 2024 நவம்பரிலிருந்து அதே போன்ற சான்றுகள் உண்டு. கன்டெய்னர் இமேஜ்களுக்கு (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்த கோப்புகளுக்கு) 'ரிவிஷன்' என்று நிலைபெற்ற ஒரு லேபிள் இருக்கிறது, அதில் முழு ஹாஷையும் போடுங்கள், ஏழு எழுத்துச் சுருக்கம் வேண்டாம்.

நாங்கள் அந்த லேபிளைத்தான் முதலில் செய்தோம், அதிலும் இரண்டு இடத்தில் அடிபட்டோம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் சாதாரணமாக ஒரே ஒரு கமிட்டை மட்டும் இறக்கும், வரலாறும் டேக்குகளும் வராது, அருகிலுள்ள டேக்கை வைத்துக் கமிட்டுக்குப் பெயர் சொல்லும் 'கிட் டிஸ்க்ரைப்' கட்டளை, பெயரே கிடைக்கவில்லை என்று கைவிரித்துவிடும். ஆழத்தைப் பூஜ்யம் என்று கொடுத்தால்தான் எல்லாம் வரும். இரண்டாவது, புல் ரிக்வெஸ்ட்டில் ஓடும் பில்டில் கிடைக்கும் ஹாஷ் நம் கமிட்டின் ஹாஷ் இல்லை, சோதனைக்காக கிட்ஹப் தற்காலிகமாக உருவாக்கும் மெர்ஜ் கமிட்டுடையது. அதை லேபிளில் ஒட்டினால் பிறகு எந்தப் பிராஞ்சிலும் கண்டுபிடிக்க முடியாது. வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் எங்கள் ஸ்டேஜிங் சர்வரில் இரண்டு மாதம் அப்படி ஊர் பேர் தெரியாத ஹாஷ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது எங்கள் மென்பொருளின் 'அபவுட்' திரையில் வெர்ஷன் எண்ணுக்குக் கீழே முழு ஹாஷும் தெரிகிறது, காப்பி செய்ய ஒரு பட்டனும் உண்டு. சப்போர்ட் தம்பிக்கு ஒரு சின்ன உள்பக்கம் செய்து கொடுத்தேன்: கஸ்டமர் சொல்லும் ஹாஷையும் டிக்கெட் எண்ணையும் போட்டால் இருக்கிறது, இல்லை, செர்ரி பிக்காக இருக்கலாம் என்ற மூன்றில் ஒரு பதில் வரும். மூன்றாவது வந்தால் மட்டும் என்னிடம் கேட்பான். போன மாதம் இரண்டு முறை கேட்டான்.

அட்டவணையில் மொத்தம் 214 ரிலீஸ்கள். அவற்றில் ஒன்பதுக்குக் கமிட் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் முன்பு வேறு சர்வரில் இருந்த ரெப்போவிலிருந்து மாற்றும்போது டேக்குகள் தொலைந்துபோனவை. தேதியை வைத்து ஏதாவது ஒரு ஹாஷை நிரப்பிவிடலாமே, ஆடிட்டில் கட்டம் காலியாக இருந்தால் கேட்பார்களே என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதில் இரண்டு வெர்ஷன்கள் இன்னும் கஸ்டமர்களிடம் ஓடுகின்றன. பழைய இன்ஸ்டாலர்களைத் தேடி எடுத்து, பிரித்து, உள்ளே இருக்கும் கோப்புகளை ஒவ்வொரு கமிட்டோடும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்கு வாய்ப்புள்ள கமிட்டுகள் நான்காகக் குறைந்திருக்கின்றன.